இளம் ஐரிஷ் சிங்கிள் மால்ட்டைச் சுவைத்து மதிப்பிடுவது எப்படி?

நான்கு வயதுகூட நிரம்பாத ஓர் ஐரிஷ் சிங்கிள் மால்ட் விஸ்கியை முதல்முறை கிளாஸில் ஊற்றி முகர்ந்தபோது எனக்கு வந்தது நெல் அவிக்கிற வாசனை. சின்ன வயதில் எங்கள் தெருவில் அண்டாவில் நெல் வேகும்போது எழும் அதே சூடான, உமி கலந்த வாசம். டப்ளினில் ஒரு நண்பர் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தேன். "இன்னும் பச்சையாக இருக்கிறதே" என்று சொல்லிவிட்டுக் கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டேன். அதற்கு முன் நான் குடித்ததெல்லாம் பன்னிரண்டு, பதினைந்து வயது விஸ்கிகள். அந்த அளவுகோலை அப்படியே இதற்கும் வைத்தேன். அது தப்பு என்று புரிய ஒரு வருடம் ஆனது.

இளநீரைக் குடித்துவிட்டு "இது இன்னும் தேங்காய் ஆகவில்லை" என்று யாரும் குறை சொல்வதில்லை. தண்ணீர் இனிக்கிறதா, உப்புக் கரிக்கிறதா, வழுக்கை எப்படி இருக்கிறது என்றுதான் பார்க்கிறோம். இளம் விஸ்கியையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். பதினெட்டு வயதுப் பாட்டிலில் பெரும்பாலும் மரத்தின் குரல்தான் கேட்கும். மூன்று முதல் ஏழு வயதுக்குள் இருப்பதில் பார்லி என்ன ஆனது, ஈஸ்ட் என்ன செய்தது, செம்பு வாலையில் (சாராயம் காய்ச்சி வடிக்கும் கலத்தில்) வடித்தவர் எங்கே நிறுத்தினார் என்பதெல்லாம் மறைவில்லாமல் தெரியும். விஸ்கியைக் கவனித்துச் சுவைக்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது மதிப்பிடும் வேலை, ரவுண்டு அடிக்கும் வேலை இல்லை. ஓர் அமர்வுக்கு ஒரு விஸ்கியில் 20 மில்லி போதும், அதிகம் போனால் இரண்டு விஸ்கிகள். வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினாலும் தவறில்லை, தொழிலில் இருப்பவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். அன்று வண்டி எடுக்க வேண்டாம்.

கடைகளில் ஏன் இத்தனை இளசுகள்?

1980களின் தொடக்கத்தில் அயர்லாந்துத் தீவு முழுவதிலும் விஸ்கி வடித்த இடங்கள் இரண்டே இரண்டு: வடக்கே ஆன்ட்ரிம் கவுன்ட்டியில் புஷ்மில்ஸ், தெற்கே கார்க் கவுன்ட்டியில் மிடில்டன். இரண்டும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தன. 1987இல் ஜான் டீலிங் லௌத் கவுன்ட்டியில் கூலி வடிசாலையைத் தொடங்கினார். புது வடிசாலைகள் அலையாகக் கிளம்பியது அதற்கும் கால் நூற்றாண்டு கழித்துத்தான். 2012இல் கெர்ரி கடற்கரையில் டிங்கிள். 2015இல் டப்ளின் நகருக்குள் டீலிங் குடும்பத்தாரின் வடிசாலை. 125 ஆண்டுகளுக்கு மேல் அந்த ஊரில் புதிதாக ஒன்றும் வந்திருக்கவில்லை. அதே வருடக் கடைசியில், பழைய கின்னஸ் பீர் ஆலை ஒன்றை மாற்றியமைத்து வாட்டர்ஃபோர்ட். அதன்பின் எண்ணிக்கை நாற்பதைத் தாண்டியது.

சட்டப்படி, தீவுக்குள் வடித்து, 700 லிட்டருக்கு மிகாத மரப் பீப்பாயில், தீவுக்குள்ளேயே குறைந்தது மூன்று ஆண்டு வைத்திருந்தால்தான் அது ஐரிஷ் விஸ்கி. பாட்டிலில் 40 சதவீத ஆல்கஹாலுக்குக் குறையக்கூடாது. டிங்கிள் 2012 டிசம்பரில் நிரப்பிய முதல் பீப்பாய்களுக்கு 2015 டிசம்பரில்தான் விஸ்கி என்ற பெயரே கிடைத்தது. அதனால்தான் இன்று அலமாரியில் நிற்கும் புதுப் பெயர்களில் பெரும்பாலானவை இளம் வயதினவை.

சிங்கிள் மால்ட் என்றால் முளைகட்டிய பார்லி மட்டும், ஒரே வடிசாலை, பானை வடிவச் செம்பு வாலை. இதைச் 'சிங்கிள் பாட் ஸ்டில்' என்ற வகையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் முளைகட்டாத பார்லியும் சேரும், சுவை எண்ணெய்ப்பசையோடும் காரத்தோடும் வேறு திசைக்குப் போகும். மூன்று முறை வடிப்பது ஐரிஷ் வழக்கமே தவிரச் சட்டம் இல்லை. புஷ்மில்ஸும் டிங்கிளும் மூன்று முறை வடிக்கின்றன, கூலி இரண்டு முறை, வாட்டர்ஃபோர்டும் இரண்டு முறைதான் வடித்தது. மூன்று முறை வடித்தது இளம் வயதிலேயே மெலிதாக, பழ வாசத்தோடு இருக்கும். இரண்டு முறை வடித்ததில் தானியத்தின் கனம் கூடுதலாக நிற்கும்.

முதல் பாட்டிலைத் தேர்ந்தெடுப்பது

லேபிளை முன்னும் பின்னும் படியுங்கள். வயது என்று ஓர் எண் போட்டிருந்தால் அது உள்ளே இருப்பதிலேயே இளையதன் வயது. எண் இல்லாமலும் நிறைய வரும். பின்பக்கம் சில வடிசாலைகள் வடித்த மாதத்தையும் பாட்டிலில் அடைத்த மாதத்தையும் போட்டிருப்பார்கள், கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து, அதை யார் வடித்தார்கள் என்று பாருங்கள். புதிதாகத் தொடங்கும் நிறுவனம் தன் சரக்கு மூன்று ஆண்டைக் கடக்கும்வரை சும்மா இருக்க முடியாது. வேறு வடிசாலையிலிருந்து முதிர்ந்த விஸ்கியை வாங்கித் தன் பெயரில் அடைத்து விற்கும். அதில் ஏமாற்று எதுவும் இல்லை, பல நேரம் நல்ல விஸ்கியாகவும் இருக்கும். ஆனால் வடிசாலைக்கு ஐந்து வயது, பாட்டிலுக்குப் பன்னிரண்டு வயது என்றால் அந்த விஸ்கியை வைத்து அந்த வடிசாலையின் கையை எடைபோட முடியாது. 'இங்கே வடிக்கப்பட்டது' என்று தெளிவாகச் சொல்லும் பாட்டிலை எடுங்கள். 'பாட்டிலில் அடைத்தவர்' என்று மட்டும் இருந்தால் இன்னொரு முறை யோசியுங்கள்.

பீப்பாய் எது என்பதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாகப் பார்ப்பேன். முதல் பாட்டில், முன்பு போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாயில் வளர்ந்ததாக இருக்கட்டும். போர்பனைப் புதிதாகக் கருக்கிய ஓக் கலத்தில்தான் வைக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஒருமுறை பயன்படுத்தியதும் அவர்களுக்கு அது ஆகாது, அயர்லாந்துக்குக் கப்பலேறிவிடும். சுமார் 200 லிட்டர் கொள்ளும் இந்தப் பீப்பாய் தன் முதல் வேகத்தை போர்பனுக்கே கொடுத்துவிட்டு வருவதால், இளம் விஸ்கியை அமுக்காமல் கொஞ்சம் வெனிலா, கொஞ்சம் தேங்காய் என்று ஓரமாக நிற்கும்.

ஷெர்ரி, போர்ட், சிவப்பு ஒயின் பீப்பாய்களுக்குக் கடைசிக் கட்டத்தில் மாற்றி 'ஃபினிஷ்' செய்த இளம் விஸ்கிகளை இரண்டாம் கட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் அருமையானவை உண்டு. ஆனால் சில, கல் வைத்துப் பழுக்க வைத்த மாம்பழம் மாதிரி. தோல் மஞ்சளாக மின்னும், கடித்தால் உள்ளே புளிப்பு. பீப்பாயில் ஊறியிருந்த ஒயினின் நிறமும் இனிப்பும் மேலே போர்த்தியிருக்கும், அடியில் வடித்த சாராயம் ஆறாமல் இருக்கும். இந்த வித்தியாசத்தைப் பிடிக்க மூக்கு பழக வேண்டும், அதற்கு முதலில் போர்த்தாத ஒன்றைத் தெரிந்திருக்க வேண்டும். பீட் என்ற கரிமண்ணை எரித்துப் பார்லியை உலர்த்துவதால் புகை வாசம் ஏறிய வகையும் இதே காரணத்தால் பிறகுதான். கான்னமாரா போன்ற ஐரிஷ் பீட் மால்ட்டுகள் எனக்குப் பிடித்தவை, ஆனால் புகை இளமையின் குறைகளை அழகாக மறைத்துவிடும்.

ஆல்கஹால் 46 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் நல்லது. விலை கொஞ்சம் உறுத்தும். அயர்லாந்தில் 2022 ஜனவரியிலிருந்து குறைந்தபட்ச விலைச் சட்டம் இருக்கிறது. அதன்படி 40 சதவீத 700 மில்லி பாட்டிலே சுமார் 22 யூரோவுக்குக் கீழ் கிடைக்காது. சிறு வடிசாலையின் மால்ட் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போகும். அதனால் பாட்டில் வாங்கும் முன் ஒரு பப்பில் ஒரு அளவு கேட்டுப் பாருங்கள். அங்கே ஓர் அளவு 35.5 மில்லி, இரண்டு பேர் பகிர்ந்துகொண்டால் ஆளுக்குக் கிட்டத்தட்ட நமக்கு வேண்டிய அளவுதான்.

உட்காரும் முன்

மூக்கு களைத்திருக்காத நேரம் வேண்டும். விடுமுறை நாளில் மதியச் சாப்பாட்டுக்கு முன் எனக்குச் சரியாக வருகிறது. ரசம், ஊறுகாய், ஃபில்டர் காபி எதுவானாலும் முடித்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். பல் துலக்கிய கையோடும் வேண்டாம், பற்பசையின் புதினா எல்லாவற்றையும் கெடுக்கும். சென்ட், ஊதுபத்தி, தாளிக்கும் வாசனை இல்லாத அறையாக இருக்கட்டும்.

கிளாஸ் முக்கியம். அடி அகன்று வாய் குறுகிய கிளென்கேர்ன் கிளாஸ் எங்கும் கிடைக்கிறது. இல்லையென்றால் சின்ன ஒயின் கிளாஸ் போதும். நேர்ச்சுவர் டம்ளரில் வாசனை ஓடிவிடும். கழுவிக் கவிழ்த்த கிளாஸை ஊற்றும் முன் ஒருமுறை முகர்ந்து பாருங்கள். சோப்பு வாசமும் அலமாரி மரத்தின் வாசமும் கிளாஸில் தங்கியிருந்து நம்மை ஏமாற்றும். பக்கத்தில் குளிராத குடிநீர், உப்பில்லாத ரொட்டித் துண்டு, ஒரு நோட்டு, அப்புறம் குழந்தைகளுக்கு மருந்து கொடுக்கும் ஊசியில்லாத சிரிஞ்ச் ஒன்று. அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன். ஐஸ் வேண்டாம், சோடா வேண்டாம், சைடிஷ் எதுவும் வேண்டாம்.

கண்ணால் பார்ப்பது: ஒரு நிமிடம் போதும்

வாலையிலிருந்து வரும்போது சாராயம் தண்ணீர் மாதிரி நிறமில்லாமல்தான் இருக்கும். போர்பன் பீப்பாயில் நான்கு வருடம் இருந்தால் வெளிறிய வைக்கோல் நிறம் வரும். அதே வயதில் கட்டன்சாயா நிறத்தில் இருந்தால் ஒயின் பீப்பாயோ, புது ஓக்கோ, கேரமல் நிறமியோ காரணமாக இருக்கலாம். கேரமல் நிறமி சேர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. சேர்க்காதவர்கள் பெரும்பாலும் அதை லேபிளில் பெருமையாகப் போட்டிருப்பார்கள். நிறத்துக்கு மதிப்பெண் கொடுக்காதீர்கள்.

கிளாஸைச் சுழற்றினால் உள்சுவரில் கோடுகோடாக வழியும். அதைப் பார்த்துத் தரம் சொல்கிறவர்கள் உண்டு. ஆல்கஹால் ஆவியாகும்போது ஓரத்தில் பரப்பு இழுவிசை மாறுவதால் வரும் வேலை அது. ஒயினில் வரும் இந்தக் 'கண்ணீரை' 1855இல் விளக்கியவர் ஜேம்ஸ் தாம்சன், பெல்ஃபாஸ்டில் பிறந்தவர், கெல்வின் பிரபுவின் அண்ணன். நிகழ்வுக்குப் பெயர் மட்டும் பின்னால் வந்த இத்தாலியரான மராங்கோனிக்குப் போய்விட்டது. கோடு மெதுவாக இறங்கினால் ஆல்கஹால் கூடுதல் என்று கொள்ளலாம், அதற்கு மேல் அதில் செய்தி இல்லை.

மூக்கால் பார்ப்பது: பாதி நேரம் இதற்கே

20 மில்லி ஊற்றுங்கள். ஊற்றியதும் ஒரு முறை முகர்ந்து மனதில் வைத்துக்கொண்டு, பதினைந்து நிமிடம் அப்படியே விடுங்கள். இளம் விஸ்கிக்கு இந்தக் காத்திருப்பு ரொம்ப உதவும். அதில் சீக்கிரம் பறந்துவிடும் கூர்மையான பொருள்கள் கூடுதலாக இருக்கும். பச்சை ஆப்பிள் மாதிரி மூக்கைக் குத்தும் அசிட்டால்டிஹைடு 20 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும் பொருள். ஊற்றி வைத்தாலே ஒரு பங்கு போய்விடும். முதல் நொடியில் முரட்டுத்தனமாக இருந்தது பதினைந்தாவது நிமிடத்தில் என்ன ஆகிறது என்பதே ஒரு மதிப்பீடு.

பிறகு கிளாஸை மோவாய்க்குக் கீழே பிடித்து, வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு மூச்சை இழுங்கள். மூக்கை உள்ளே நுழைத்து ஆழமாக இழுத்தால் ஆல்கஹால் மூக்கை மரத்துப்போக வைக்கும், அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாது. மோவாய், உதடு, மூக்கு நுனி என்று மெதுவாக மேலே கொண்டுவாருங்கள். இடது நாசி ஒருமுறை, வலது நாசி ஒருமுறை. குழப்பமாக இருந்தால் உங்கள் சட்டைக் கையை முகர்ந்துவிட்டுத் திரும்ப வாருங்கள், மூக்கு பழையபடி ஆகிவிடும்.

என்ன தேடுவது? ஐரோப்பியர்கள் எழுதும் குறிப்புகளில் நெல்லிக்கனி மாதிரி ஒரு கூஸ்பெரி, ஹெதர் பூ, வேகவைத்த ருபார்ப் என்றெல்லாம் வரும். நாம் சாப்பிட்டு வளராததை நம் மூக்கில் தேட வேண்டியதில்லை. நம்மிடம் இருப்பதே போதும். நான் மூன்று கூடைகளாகப் பிரித்து வைத்திருக்கிறேன்.

முதல் கூடை தானியம். ஹார்லிக்ஸ் பாட்டில் மூடியைத் திறந்ததும் வரும் வாசனை முளைகட்டிய பார்லியின் வாசனையேதான், ஏனென்றால் ஹார்லிக்ஸிலும் அதுதான் இருக்கிறது. அதோடு நெல் அவித்த வாசம், ஈரவைக்கோல், வறுத்த மாவு, பிஸ்கட். இளம் ஐரிஷ் மால்ட்டில் இந்தக் கூடை நிறைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

இரண்டாவது கூடை புளிக்கும்போது ஈஸ்ட் செய்தது. பேரிக்காய், பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல், நன்கு பழுத்த வாழைப்பழம். வாழைப்பழ வாசத்துக்குக் காரணமான ஐசோஅமைல் அசிட்டேட் வாழைப்பழத்திலேயே இருக்கும் அதே பொருள்தான், கற்பனை இல்லை. புளிக்கும் நேரம் நீண்டால் இந்தக் கூடை பெருக்கும். அவசரமாக இரண்டே நாளில் முடித்ததில் தானியமும் கடலை வாசமும் முன்னே நிற்கும்.

மூன்றாவது மரம். வெனிலா, கொப்பரை, கிராம்பு, கருகிய சர்க்கரை. கிராம்பில் இருக்கும் யூஜெனால் ஓக் மரத்திலும் இருக்கிறது. தேங்காய் வாசம் அமெரிக்க ஓக்கில் கூடுதலாக வரும். இளம் விஸ்கியில் இந்த மூன்றாவது கூடை மற்ற இரண்டுக்கும் பின்னால் நின்றால் ஆரோக்கியம். முன்னால் வந்து வழியை மறைத்தால் அந்தக் கல் வைத்த மாம்பழத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

வாசனையின் பெயர் நாக்கு நுனியில் நின்றுகொண்டு வரவில்லையா? பெயரை விட்டுவிட்டு இடத்தைக் கேளுங்கள். "இதை எங்கே முகர்ந்திருக்கிறேன்?" பள்ளிக்கூடப் பை, மாவு மில், பாட்டியின் டிரங்குப் பெட்டி என்று வந்து நிற்கும். அதையே எழுதுங்கள். என் நோட்டில் ஒரு பக்கத்தில் "மாவு மில் வாசலில் மழை" என்று இருக்கிறது. அந்த விஸ்கியை இன்று பெயரை மறைத்துக் கொடுத்தாலும் என்னால் அடையாளம் சொல்ல முடியும்.

வாயில்

முதல் வாய் சுவைப்பதற்கு இல்லை. ஒன்றிரண்டு மில்லி மட்டும் எடுத்து நாக்கு முழுவதும் பரப்பி விழுங்கிவிடுங்கள். ஆல்கஹாலுக்கு வாய் பழகுவதற்காக. ஒரு நிமிடம் விட்டு, கொஞ்சம் கூடுதலாக இரண்டாவது வாய். ராவாக, அவசரமில்லாமல். பத்து நொடி வைத்திருந்து, மெல்லுவதுபோல் அசைத்து, விழுங்கியதும் வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியே மூச்சை விடுங்கள். சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்த மூச்சில்தான் இருக்கிறது.

மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, கனம்: தண்ணீர் மாதிரி ஓடுகிறதா, பால் மாதிரி பரவுகிறதா, எண்ணெய் மாதிரி ஒட்டுகிறதா? இரண்டு, மூக்கு சொன்னதும் நாக்கு சொல்வதும் ஒத்துப்போகிறதா? மூன்றாவதுதான் இளம் விஸ்கியைக் கண்டுபிடிக்கும் இடம்: விழுங்கிய பிறகு என்ன மிஞ்சுகிறது? நல்ல இளம் மால்ட் குறைந்த நேரமே நிற்கும், அதில் குறை இல்லை. ஆனால் நிற்கும் அரை நிமிடமும் பார்லி இனிப்போ மிளகோ எலுமிச்சையோ சுத்தமாக நின்று போக வேண்டும். எல்லாம் மறைந்து, பிளைவுட் பலகையை நக்கியதுபோல் ஒரு கசப்பும் தொண்டை எரிச்சலும் மட்டும் மிஞ்சினால் அது வேறு கதை.

தண்ணீர்: சிரிஞ்ச் இதற்குத்தான்

"இது எரிகிறதே, ஸ்ட்ராங்கா இருப்பதாலா, இல்லை பக்குவம் வராததாலா?" இளம் விஸ்கியில் முக்கியமான கேள்வி இதுதான், பதில் சொல்லத் தண்ணீரால் முடியும். 46 சதவீத விஸ்கி 20 மில்லியில் 3 மில்லி தண்ணீர் விட்டால் 40 சதவீதம் ஆகும். 50 சதவீதம் என்றால் 5 மில்லி, அதாவது ஒரு டீஸ்பூன். கண்ணளவில் ஊற்றினால் நிச்சயம் அதிகமாகிவிடும், அதனால்தான் சிரிஞ்ச். குடித்ததைக் கழித்துக்கொண்டு அதே விகிதத்தில் விடுங்கள். விட்டதும் கலக்கிவிட்டு இரண்டு நிமிடம் பொறுங்கள்.

எரிச்சல் அடங்கி அடியிலிருந்து பழமும் தானியமும் மேலே வந்தால், முன்னே எரித்தது வெறும் ஆல்கஹால். சாராயம் நல்லது. தண்ணீர் விட்ட பிறகும் அதே கரடுமுரடு நின்று, சுவை மட்டும் நீர்த்துப்போனால் விஸ்கிக்கு இன்னும் காலம் தேவைப்பட்டிருக்கிறது. எத்தனையோ மதிப்பீட்டுக் குறிப்புகளைப் படித்ததைவிட இந்த ஒரு சோதனை எனக்குக் கற்றுக்கொடுத்தது அதிகம்.

தண்ணீர் ஏன் இப்படி வேலை செய்கிறது என்று ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் 2017இல் கணினி மாதிரியில் பார்த்தார்கள். புகை வாசம் தரும் குவாயக்கால் என்ற பொருள், ஆல்கஹாலின் அளவு குறையும்போது திரவத்தின் மேற்பரப்பை நாடி வருகிறது. அதிக ஆல்கஹாலில் அது உள்ளே அமிழ்ந்துவிடுகிறது.

தண்ணீர் விட்டதும் விஸ்கி லேசாக மங்கினால் பயப்பட வேண்டாம். குளிரவைத்து வடிகட்டாத விஸ்கியில் இருக்கும் கொழுப்பு அமில எஸ்டர்கள் கரைய முடியாமல் வெளியே வருகின்றன. வாயில் அந்தப் பால் போன்ற கனத்தைத் தருவதும் அவைதான்.

எது இளமை, எது குறை?

இந்த இடத்தில் அவசரப்படாமல் நிற்க வேண்டும். பேரிக்காய், பச்சை ஆப்பிள், மாவு, வைக்கோல், நெல் வாசம், எலுமிச்சை: இவையெல்லாம் இளமை. பிடிக்காமல் போகலாம், ஆனால் குறை இல்லை.

நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாசம் அரை மணி நேரம் ஆகியும் போகாமல் முன்னால் நிற்பது குறை. வாலையிலிருந்து முதலில் வருவதை ஒதுக்கிவிட்டு நடுப்பகுதியைத்தான் பிடிக்க வேண்டும். அதை ஒதுக்குவதில் கஞ்சத்தனம் காட்டினால் இப்படி வரும். கடைசியில் வருவதையும் சேர்த்துப் பிடித்துவிட்டால் ஈர அட்டைப்பெட்டி, நாள்பட்ட வியர்வை, கெட்ட சீஸ் என்று வேறு பக்கம் போகும். வெந்த முட்டைக்கோஸ், ரப்பர் வாசம் வந்தால் கந்தகம். வாலையின் செம்புதான் கந்தகச் சேர்மங்களைப் பிடித்து வைக்கும். ஆவி செம்போடு போதுமான நேரம் பழகவில்லை என்று பொருள். மரத்தூள் வாசமும் நாக்கை வறட்டும் துவர்ப்பும் சேர்ந்து வந்தால், சின்னப் பீப்பாயிலோ புது மரத்திலோ போட்டு வேகமாக வயதேற்றப் பார்த்திருக்கிறார்கள். சின்னப் பீப்பாயில் மரத்தின் சாறு சீக்கிரம் இறங்கிவிடும். மரத்தின் துளைகள் வழியே காற்று புகுந்து மெதுவாக நடத்தும் மாற்றங்களை அவசரப்படுத்த முடியாது. அயர்லாந்தில் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிப் போவதைத் தாங்கிக்கொண்டு காத்திருக்கிறார்களே, அந்தக் காத்திருப்புக்கு மாற்று கிடையாது.

நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடச் சொல்லமாட்டேன். நோட்டில் நான்கே கேள்விகள். சுத்தமாக இருக்கிறதா? மூன்று கூடைகளில் எது முன்னால் நிற்கிறது? தண்ணீருக்குப் பிறகு மேலானதா, கீழானதா? இன்னும் ஐந்து வருடம் பீப்பாயில் இருந்திருந்தால் கூடியிருக்குமா, இல்லை இப்போதே சரியான இடத்தில் இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு முதல் பத்து விஸ்கிகளில் பதில் வராது. எழுத மட்டும் செய்யுங்கள். ஒரு வருடம் கழித்துப் பழைய பக்கங்களைப் புரட்டும்போது உங்களுக்கே தெரியும்.

இரண்டை அருகருகே வைத்துப் பார்ப்பது

தனியாக ஒன்றைச் சுவைப்பதில் வராத தெளிவு இரண்டை அருகருகே வைத்தால் வரும். எளிய ஜோடி: புஷ்மில்ஸ் பத்து வயதும் டிங்கிளின் சிங்கிள் மால்ட்டும். இரண்டும் மூன்று முறை வடித்தவை, இரண்டிலும் போர்பன் பீப்பாயும் ஷெர்ரி பீப்பாயும் உண்டு. டிங்கிள் 46.3 சதவீதம், புஷ்மில்ஸ் 40. அதனால் டிங்கிளுக்குத் தண்ணீர் விட்டு 40க்கு இறக்கிய பிறகு ஒப்பிடுங்கள், இல்லாவிட்டால் ஸ்ட்ராங்கானதுதான் சுவையானது என்று மூக்கு முடிவு கட்டிவிடும். வயது எதை மழுங்கச் செய்கிறது, எதைச் சேர்க்கிறது என்பது பத்து நிமிடத்தில் புரியும்.

இன்னும் நுட்பமாகப் போக விரும்பினால் வாட்டர்ஃபோர்டின் ஒற்றைப் பண்ணை வரிசை. மார்க் ரேனியர் தொடங்கிய அந்த வடிசாலை ஒவ்வொரு விவசாயியின் பார்லியையும் தனியாகச் சேமித்து, தனியாக முளைகட்டி, தனியாக வடித்து, 50 சதவீதத்தில் நிறம் சேர்க்காமல் அடைத்தது. 2020இல் முதல் பாட்டில்கள் வந்தன. மண் மாறினால் சுவை மாறுமா என்ற கேள்விக்கு 2021இல் ஓர் ஆய்வுக் கட்டுரையும் வந்தது: கில்டேரில் ஆதை என்ற ஊரிலும் வெக்ஸ்ஃபோர்டில் பன்க்ளோடி என்ற ஊரிலும் இரண்டு பார்லி ரகங்களை விதைத்து, வடித்த சாராயத்தில் வேறுபாடு இருப்பதைக் காட்டினார்கள். பீப்பாய்க்குள் போகும் முன்பே தெரிந்த வேறுபாடு அது. 2024 நவம்பரில் அந்த நிறுவனம் கடன் சுமையில் ரிசீவர் (கடன் கொடுத்தவர்கள் சார்பில் சொத்தைப் பொறுப்பேற்பவர்) கைக்குப் போனது எனக்கு உண்மையிலேயே வருத்தம். இரண்டு பண்ணைகளின் பாட்டில்கள் எங்காவது கண்ணில் பட்டால், நான்கு நண்பர்கள் காசு போட்டு வாங்கி அருகருகே முகர்ந்து பாருங்கள். பார்லிக்கும் ஊர் மணம் உண்டு என்று நம்பாத என்னை மாற்றியது அந்த மேசைதான்.

பாட்டிலைத் திறந்த அன்றே தீர்ப்பு எழுத வேண்டாம். இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை உட்காருங்கள். தோள்பட்டைவரை இறங்கிய பாட்டிலில் காற்று புகுந்து இளம் விஸ்கி கொஞ்சம் சாந்தமாகும், முதல் நாள் முரண்டு பிடித்தது வழிக்கு வந்திருக்கும். நேராக நிறுத்தி, வெயில் படாமல் வையுங்கள், படுக்க வைத்தால் ஆல்கஹால் கார்க்கைத் தின்றுவிடும்.

அப்புறம், குடித்து முடித்த கிளாஸை உடனே கழுவாதீர்கள். ராத்திரி முழுக்க மேசையிலேயே இருக்கட்டும். ஆல்கஹால் முழுதும் பறந்துபோய், அடியில் ஒட்டிக் காய்ந்த துளியில் கனமான வாசனைகள் மட்டும் மிஞ்சியிருக்கும். காலையில் எழுந்ததும் காபி போடும் முன் அதை முகர்ந்து பாருங்கள். மரம் மட்டும் போர்த்திய விஸ்கியாக இருந்தால் ஈரப்பலகை வாசம் வரும். சுத்தமாக வடித்த இளம் மால்ட்டாக இருந்தால் ஹார்லிக்ஸும் உமியும் வரும். அன்று நான் தள்ளி வைத்த அந்தக் கிளாஸைக் கழுவ எடுத்த நண்பர் மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டு முகரச் சொன்னார். அவித்த நெல்லைக் களத்தில் பரப்பிக் காயவைத்திருந்தார்கள், அடியில் லேசாகத் தேன்.